பத்திரிகை கைமாறும்போது யார் எதைக் கேட்கிறார்கள்? ஊடக இணைப்பும் உடைமைப் பன்மையும் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு பெரிய ஊடக நிறுவனம் இன்னொன்றை வாங்குகிறது என்ற செய்தி வந்ததும், தில்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். "எல்லாவற்றையும் ஒருவரே வாங்கிவிட்டார், அரசு எப்படி அனுமதித்தது?" என்பார் ஒருவர். "தனியார் தனியாருக்கு விற்கிறார், இதில் அரசுக்கு என்ன வேலை?" என்பார் இன்னொருவர். இரு தரப்பும் "அரசு" என்று சொல்லும்போது ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல அலுவலகங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வேறு, நிறுவன இணைப்புகளைப் பரிசீலிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் வேறு. கேபிள், டிடிஎச் விநியோகத்தைக் கவனிக்கும் டிராய் வேறு, மும்பையிலிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வேறு, பத்திரிகைகளின் பெயரைப் பதிவு செய்யும் தலைமைப் பதிவாளர் வேறு. ஒருவர் கேட்கும் கேள்வியை மற்றவர் கேட்பதில்லை. வாசகருக்கு மிக முக்கியமான ஒரு கேள்வியைக் கேட்கும் பொறுப்போ இவர்களில் எவருக்கும் தரப்படவில்லை. அது என்ன கேள்வி, ஏன் அனாதையாகக் கிடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் வேலை.

## நான்கு மாவுக் கடைகள்

முனீர்க்காவில் ஒரு தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் கடைகள் நான்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் இரண்டை ஒரே முதலாளி வாங்கினால் தெருவாசிகளுக்கு வரும் முதல் கவலை விலையைப் பற்றியது. நேற்றுவரை ஒரு கடையில் ஐந்து ரூபாய் ஏற்றினால் அடுத்த கடைக்குப் போனவர்கள், இனி அந்த அடுத்த கடையும் அவருடையதே என்பதால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். ஒரே வகைப் பொருளை விற்கும் இரு நிறுவனங்கள் இப்படி ஒன்றாவதைக் கிடைநிலை இணைப்பு என்கிறோம். இந்தக் கடைகளுக்கு அரிசியும் உளுந்தும் தரும் மொத்த வியாபாரியே ஒரு கடையை வாங்கினால் அது செங்குத்து இணைப்பு. அப்போது மற்ற மூன்று கடைகளுக்கும் நல்ல உளுந்து தாமதமாகத்தான் வந்து சேரும் என்ற அச்சம் எழும். ஒரு கடைக்காரர் எதிர்வரிசையிலுள்ள சாம்பார்ப் பொடிக் கடையை வாங்கினாலோ மாவின் விலைக்கும் பொடியின் விலைக்கும் எதுவும் நேராது. தெருவில் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

மாவைப் பொறுத்தவரை விலையும் தரமும் சரியாக இருந்தால் நான்கு கடைகளும் ஒருவருடையவையா என்பதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. செய்தி அப்படியல்ல. நான்கு நாளிதழ்களும் ஒருவர் கைக்குப் போன பிறகு விலை பாதியாகக் குறையலாம், தாளும் அச்சும்கூட மேம்படலாம். ஆனால் அந்த முதலாளியின் ஆலைக்கு எதிராக ஊர்மக்கள் நடத்தும் போராட்டம் நான்கிலும் வராமல் போகலாம். புளித்த மாவை நாக்கு கண்டுபிடித்துவிடும். வராத செய்தியைக் கண்டுபிடிக்க வாசகரிடம் எந்தப் புலனும் இல்லை.

ஆகவே இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விற்பவர்கள் ஒருவரோடொருவர் மெய்யாகவே போட்டியிடுகிறார்களா என்பது முதற்கேள்வி. அதைப் போட்டி என்று குறிப்பிடுவேன். செய்தியும் கருத்தும் ஒன்றுக்கொன்று கட்டுப்படாத பல கைகளிலிருந்து மக்களுக்கு வருகின்றனவா என்பது இரண்டாவது. அதை உடைமைப் பன்மை என்று குறிப்பிடுவேன். பொதுப்பேச்சில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் குழப்பம் தொடங்குகிறது.

பன்மையை இதழ்ப் பெயர்களின் எண்ணிக்கையால் அளப்பது இன்னொரு பரவலான பிழை. இந்தியாவில் பதிவு பெற்ற இதழ்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் உள்ளன என்பது அடிக்கடி பெருமையாகச் சொல்லப்படுகிறது. அவற்றுள் கடையில் தொங்கிப் பார்த்தவை எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. தில்லியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பல்லாண்டுகளாகப் போட்டியிட்டுவந்த டைம்ஸ் ஆஃப் இந்தியா, இந்துஸ்தான் டைம்ஸ் ஆகிய இரு குழுமங்களும் சேர்ந்து 2007-இல் மெட்ரோ நவ் என்ற சிற்றளவு நாளிதழைத் தொடங்கின. ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் அது நின்றுபோனது. அந்த இரண்டு ஆண்டுகளில் நகரத்துக்குக் கூடுதலாக ஒரு பத்திரிகை கிடைத்தது. கூடுதலாக ஓர் உரிமையாளர் கிடைக்கவில்லை. ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் மேசைமேல் கிடக்கும் நாளிதழ்களை எண்ணுவது எளிது. அவற்றின் உரிமையாளர்களை எண்ண வேண்டுமானால் கடைசிப் பக்கத்தின் அடியிலுள்ள பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

## போட்டி ஆணையம் என்ன பார்க்கிறது

இந்தியாவில் பெரிய இணைப்புகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் அதிகாரம் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் இருக்கிறது. அதற்கு முன்பு 1969-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டம் இருந்தது. ஆனால் இணைப்புகளுக்கு முன்னனுமதி கோரும் பிரிவுகள் 1991-இல் அதிலிருந்து நீக்கப்பட்டன. புதிய சட்டத்தின் இணைப்புப் பிரிவுகள் 2011 ஜூன் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தன. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் யார் எந்தப் பத்திரிகையை வாங்கினாலும் போட்டியின் பெயரால் முன்கூட்டியே கேள்வி கேட்க ஆளில்லை. தினகரன் 2005-இல் சன் குழுமத்துக்குப் போனதும், பெங்களூரின் விஜய கர்நாடகா 2006-இல் டைம்ஸ் குழுமத்துக்குப் போனதும், மும்பையின் மிட்-டே 2010-இல் ஜாக்ரன் குழுமத்துக்குப் போனதும் இந்த இடைவெளியில்தான்.

இன்றைய முறை சுருக்கமாக இதுதான். வாங்கும் நிறுவனம், வாங்கப்படும் நிறுவனம் ஆகியவற்றின் சொத்தோ விற்றுமுதலோ குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், பரிவர்த்தனையை முடிப்பதற்கு முன் ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். ஆணையம் 30 நாட்களுக்குள் முதற்கட்டக் கருத்துக்கு வர வேண்டும். சிக்கலானவற்றுக்கு எடுத்துக்கொள்ளும் மொத்தக் காலம், 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 150 நாட்களைத் தாண்டக் கூடாது. முடிவில் ஆணையம் அனுமதிக்கலாம், மாற்றங்களோடு அனுமதிக்கலாம், அல்லது மறுக்கலாம். மிகப் பெரும்பாலானவை முதல் இரண்டு வழிகளில்தான் முடிகின்றன.

இதில் ஆணையம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த இணைப்பால் இந்தியாவிலுள்ள தொடர்புடைய சந்தையில் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதகம் நேருமா? இதை முடிவு செய்யக் கவனிக்க வேண்டியவை என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. புதியவர்கள் உள்ளே வருவதற்குள்ள தடைகள், சந்தையில் செறிவு, விலையை ஏற்றும் வாய்ப்பு, மாற்றுப் பொருள் கிடைக்கும் அளவு என்று அது நீள்கிறது. கருத்துப் பன்மை என்ற ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. சிமெண்ட், சோப்பு, மருத்துவமனை, நாளிதழ் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல்தான்.

இந்த ஆணையம் பல ஆண்டுகள் கஸ்தூர்பா காந்தி மார்கிலுள்ள இந்துஸ்தான் டைம்ஸ் கட்டடத்தில்தான் இயங்கியது. பிறகே கிழக்குக் கித்வாய் நகருக்கு இடம்பெயர்ந்தது. வாடகைதாரர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் எதுவும் இல்லை என்றாலும், தில்லியின் நகைச்சுவை உணர்வை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

## சந்தையை அளப்பது எப்படி

தொடர்புடைய சந்தை என்பது, ஒன்றுக்கு மாற்றாக வாங்குபவர் இன்னொன்றை எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள்களும் இடமும் சேர்ந்த வட்டம். மயூர் விஹாரில் தமிழ் நாளிதழ் வாங்கும் முதியவருக்கு இந்தி நாளிதழ் மாற்றாகாது. சென்னையில் மட்டும் அச்சாகும் மாலை நாளிதழும் மாற்றாகாது. ஆகவே செய்தித்தாள் சந்தை பொதுவாக மொழியாலும் பகுதியாலும் பிரிக்கப்படும். அதோடு செய்தித்தாளுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வாசகர் தரும் விலை பெரும்பாலும் தாள், மைச் செலவுக்கே போதாது. மிச்சத்தைத் தருபவர் விளம்பரதாரர். அதனால் வாசகர் சந்தை, விளம்பரச் சந்தை ஆகிய இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

சந்தை எந்த அளவுக்குச் சிலர் கையில் இருக்கிறது என்பதை அளக்க ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு என்ற ஓர் எளிய கணக்கு உண்டு. ஒவ்வொருவரின் சந்தைப் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் போதும். ஒரு நகரில் நான்கு நாளிதழ்களின் பங்கு 40, 30, 20, 10 விழுக்காடு என்று கொண்டால், 1,600 + 900 + 400 + 100 என்று குறியீடு 3,000 ஆகிறது. கடைசி இரண்டும் இணைந்தால் அவற்றின் பங்கு 30. அதன் வர்க்கம் 900. முன்பு அவை இரண்டும் சேர்ந்து தந்தது 500 மட்டுமே என்பதால் குறியீடு 3,400 ஆக உயர்கிறது. 1,800-ஐத் தாண்டிய சந்தை செறிவு மிகுந்தது என்பது அமெரிக்காவின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின் கணக்கு. நமது சட்டம் எந்த எண்ணையும் எல்லையாக வைக்கவில்லை. இந்தக் குறியீடு ஒரு சான்றாகப் பயன்படுகிறது, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஆணையம் போட்டியை மட்டும் பார்க்கிறது, அதை ஒரு குறிப்பிட்ட மொழி, பகுதி, ஊடகம் என்ற வட்டத்துக்குள் பார்க்கிறது, அந்த வட்டத்துக்குள் இரு தரப்பும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலும் தலையிடுகிறது.

## அண்மைய வழக்கு ஒன்று

ரிலையன்சும் வால்ட் டிஸ்னியும் இந்தியாவிலுள்ள தங்கள் பொழுதுபோக்கு ஊடகத் தொழிலை ஒன்றாக்கப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தன. கூட்டு நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 70,352 கோடி ரூபாய். நூற்றுக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி அலைவரிசைகள், இரண்டு இணையத் திரைத் தளங்கள், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமைகளில் பெரும்பகுதி ஆகியவை ஒரே கூரையின்கீழ் வருவதால், ஆணையத்தின் கவனம் இயல்பாகவே கிரிக்கெட் விளம்பரத்தின் மீது விழுந்தது. 2024 ஆகஸ்ட் 28 அன்று கிடைத்த அனுமதி, நிறுவனங்கள் தாமாக முன்வைத்த மாற்றங்களை ஏற்றுத் தரப்பட்டது. தொலைக்காட்சிக்கும் இணையத்துக்குமான கிரிக்கெட் விளம்பர நேரங்களை ஒன்றாகக் கட்டி விற்க மாட்டோம் என்பது அவற்றுள் ஒன்று. ஸ்டார் ஜல்ஷா மூவீஸ், கலர்ஸ் மராத்தி, ஹங்காமா உள்ளிட்ட சில அலைவரிசைகளை விற்றுவிடுவோம் என்பது இன்னொன்று.

அந்தப் பட்டியலை மொழிவாரியாகப் பார்த்தால் முறை எப்படி இயங்குகிறது என்பது விளங்கும். வங்கம், மராத்தி ஆகிய மொழிகளில் இரு தரப்பும் வலுவாக இருந்ததால் அங்கே சில அலைவரிசைகளைக் கைவிட வேண்டியிருந்தது. தமிழில் ஸ்டார் விஜயும் கலர்ஸ் தமிழும் ஒரே வீட்டுக்குப் போயின. இங்கே எதையும் விற்கச் சொல்லவில்லை. தமிழில் சன் குழுமம் இருக்கும்போது இந்த இணைப்பால் போட்டி குன்றாது என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். போட்டி என்ற அளவுகோலின்படி அது சரியான கணக்குதான். ரிலையன்சின் செய்தி அலைவரிசைகளோ இந்தக் கூட்டுக்கு வெளியே இருந்தன. டிஸ்னியிடம் இந்தியாவில் செய்தி அலைவரிசையே கிடையாது. ஆகவே செய்தியில் மோதல் இல்லை, மோதல் இல்லாத இடத்தில் கேள்வியும் இல்லை. செய்தித் தொழிலில் இருக்கும் ஒரு குழுமம் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் இவ்வளவு பெரிதாகும்போது அதன் சொல்லுக்கு எவ்வளவு எடை கூடுகிறது என்பதை எடைபோடும் தராசு அந்த அலுவலகத்தில் வைக்கப்படவே இல்லை.

## வலையில் சிக்காதவை

மாவுக் கடைக்காரர் பொடிக் கடையை வாங்கிய கதையை இங்கே நினைவுகூர வேண்டும். நாளிதழ், தொலைக்காட்சி, வானொலி, கேபிள் விநியோகம் என வெவ்வேறு ஊடகங்கள் ஒரே குழுமத்திடம் இருப்பதைக் குறுக்கு உடைமை என்கிறார்கள். தினகரன் கைமாறியபோது சன் குழுமத்திடம் தொலைக்காட்சியும் சூரியன் பண்பலையும் குங்குமமும் சுமங்கலி கேபிள் விநியோகமும் ஏற்கெனவே இருந்தன. இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தாலும், நாளிதழ் ஒரு சந்தை, தொலைக்காட்சி இன்னொரு சந்தை என்ற காரணத்தால் கிடைநிலையில் மோதல் எதுவும் தென்பட்டிருக்காது. தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் காலையில் படிப்பதும் மாலையில் பார்ப்பதும் பயணத்தில் கேட்பதும் ஒரே இடத்திலிருந்து வந்தன என்பதைத் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கேபிள் விநியோகத்தில் அந்தக் குழுமத்துக்கு இருந்த பிடிக்கு எதிராக 2007-இல் மாநில அரசு தானே ஒரு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது. ஊடக விநியோகத்தை அரசே கையில் எடுக்கலாமா என்ற புதிய கேள்வியை அந்த மருந்து கிளப்பியது.

அடுத்த ஓட்டை, வரம்பு. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட அளவுகளின்படி, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவிலுள்ள சொத்து 450 கோடி ரூபாய்க்கு மிகாமலோ விற்றுமுதல் 1,250 கோடிக்கு மிகாமலோ இருந்தால், பரிவர்த்தனை மதிப்பு 2,000 கோடியைத் தாண்டினால் ஒழிய, ஆணையத்துக்கு அறிவிக்கவே வேண்டாம். உருக்கு ஆலைக்கு இது சிறிய தொகை. ஒரு மாநிலத்தின் அரசியல் பேச்சையே திசைதிருப்பவல்ல நாளிதழ் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். செய்தியின் செல்வாக்கு அதன் கணக்குப் புத்தகத்தில் தெரிவதில்லை.

மூன்றாவது ஓட்டை கடன். என்டிடிவி கைமாறிய விதம் இதற்குத் தெளிவான சான்று. அதன் நிறுவனர்களின் பங்குகளை வைத்திருந்த ஆர்ஆர்பிஆர் என்ற நிறுவனத்துக்கு, விஸ்வபிரதான் கமர்ஷியல் என்ற நிறுவனம் 2009-10 வாக்கில் 403.85 கோடி ரூபாய் கடன் கொடுத்து, அதைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பெற்றிருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த விஸ்வபிரதானை அதானி குழுமம் வாங்கி உரிமையைப் பயன்படுத்தியதும், என்டிடிவியின் 29.18 விழுக்காடு அதனிடம் வந்தது. பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தில் 25 விழுக்காட்டை எட்டுபவர் மேலும் 26 விழுக்காட்டை மற்றப் பங்குதாரர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பொது முன்வைப்பு (ஓப்பன் ஆஃபர்) செய்ய வேண்டும் என்பது செபியின் விதி, அதுவும் நடந்தது. செபி கேட்பது சிறு பங்குதாரருக்கு நியாயமான விலை கிடைத்ததா என்பதை. பார்வையாளரைப் பற்றிக் கேட்பது அதன் வேலையில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த அலைவரிசையைப் பார்த்துவந்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் சாவி ஒரு கடன் பத்திரத்தில் இருந்தது என்று தெரிந்திருக்கும்?

சுருங்கச் சொன்னால், வெவ்வேறு ஊடகம், சிறிய தொகை, கடன் வழியான பிடி ஆகிய மூன்றும் போட்டிச் சட்டத்தின் கண்ணில் எளிதில் படுவதில்லை.

## அச்சுக்கு உச்சவரம்பு ஏன் இல்லை

இதை யாரும் யோசிக்கவே இல்லை என்று எண்ண வேண்டாம். நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான முதல் பத்திரிகை ஆணையம் 1954-இலேயே உடைமை சிலர் கையில் குவிவதைப் பற்றிக் கவலை தெரிவித்தது. விலைக்கேற்பப் பக்கங்களின் எண்ணிக்கையை நிர்ணயித்தால், பணபலமுள்ள நாளிதழ்கள் குறைந்த விலைக்கு நிறையப் பக்கங்கள் தந்து சிறிய இதழ்களை நசுக்க முடியாது என்பது அதன் யோசனை. 1956-இல் சட்டமும் 1960-இல் ஆணையும் வந்தன. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது பெருநகரத்துப் பெரிய குழுமம் எதுவுமன்று, பூனாவின் மராத்தி நாளிதழான சகாள்தான். சிறிய பத்திரிகைகளைக் காக்க வந்த சட்டம் ஒரு பிராந்திய மொழிப் பத்திரிகையின் மனுவால் 1961-இல் வீழ்ந்தது.

தீர்ப்பின் அடிப்படை எளிமையானது. அரசமைப்பின் 19-ஆவது பிரிவு வணிகம் செய்யும் உரிமையையும் கருத்துரிமையையும் தனித்தனியே தருகிறது. வணிகத்தைப் பொதுநலன் கருதிக் கட்டுப்படுத்தலாம். கருத்துரிமையை, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு போன்று அரசமைப்பே எண்ணிச் சொன்ன காரணங்களுக்காக மட்டுமே கட்டுப்படுத்தலாம். ஏகபோகத்தைத் தடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்தைக் குறைப்பதும் விலையை ஏற்றச் சொல்வதும் வாசகரைச் சென்றடையும் கருத்தின் அளவையே குறைப்பதாகும் என்பதால், வணிகக் கட்டுப்பாடு என்ற போர்வையில் அதைச் செய்ய முடியாது.

1972-இல், டைம்ஸ் ஆஃப் இந்தியாவை வெளியிடும் பென்னட் கோல்மன் நிறுவனத்தின் வழக்கில் இதே வாதம் மீண்டும் வந்தது. இம்முறை செய்தித்தாள் காகித ஒதுக்கீட்டின் வழியாகப் பத்துப் பக்க உச்சவரம்பு வைக்கப்பட்டிருந்தது. அதுவும் செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. மாறுபட்ட ஒரே நீதிபதி கே.கே. மேத்யூ. கருத்துரிமை என்பது அச்சகம் வைத்திருப்பவரின் உரிமையோடு முடிந்துவிடுவதில்லை, பலதரப்பட்ட கருத்துகள் மக்களை வந்தடைவதும் அதன் பகுதியே என்ற திசையில் அவர் எழுதினார். பின்னர் இரண்டாவது பத்திரிகை ஆணையம் 1982-இல் அறிக்கை தந்தபோது அதன் தலைவராக இருந்தவரும் அவரே. நாளிதழ்களைப் பிற தொழில்களின் பிடியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

ஒலிபரப்பின் நிலை வேறு. வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபின், உரிமம் தரும்போதே நிபந்தனை விதிக்க அரசுக்கு வழி இருக்கிறது. பண்பலை வானொலியில் ஒரே நிறுவனம் நாடு முழுவதும் 15 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு அப்படி வந்ததுதான். அதையும் 2022-இல் நீக்கிவிட்டார்கள். செய்தி இதழ்களுக்கு இன்று இருக்கும் உடைமை உச்சவரம்பு ஒன்றே ஒன்று: அயல்நாட்டு முதலீடு 26 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற 2002-ஆம் ஆண்டு விதி. அது முதலாளி எந்த நாட்டவர் என்று கேட்கிறது. அவர் எத்தனை இதழ்களை வைத்திருக்கிறார் என்று கேட்பதில்லை.

## அமைச்சரிடம் கொடுத்துவிட்டால்?

பன்மையைக் காக்கும் பொறுப்பை அரசிடமே தந்துவிடலாமே என்று தோன்றும். தில்லியில் வசிப்பவர்கள் இதற்கு விடை தேடிப் பகதூர் ஷா ஜாபர் மார்கைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. அவசரநிலை அறிவிக்கப்பட்ட 1975 ஜூன் 25 இரவு அந்த வீதியிலுள்ள நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 1976 பிப்ரவரியில் பிடிஐ, யுஎன்ஐ, இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி ஆகிய நான்கு செய்தி நிறுவனங்களும் சமாச்சார் என்ற ஒரே அமைப்பாக ஆக்கப்பட்டன. இந்திய வரலாற்றில் மிக முழுமையான ஊடக இணைப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்: ஆங்கிலம், இந்தி இரண்டிலும் செய்தி தந்த நான்கு ஊற்றுகள் ஒரே குழாயாகின. அதைச் செய்தது எந்தத் தொழிலதிபரும் அல்லர், அரசு. 1978-இல்தான் அவை மீண்டும் பிரிந்தன. மேலும், நாளிதழ்களின் மிகப் பெரிய விளம்பரதாரர்களில் மத்திய, மாநில அரசுகள் முன்வரிசையில் நிற்கின்றன. விளம்பரம் தருபவரே இணைப்புக்கு அனுமதியும் தருவார் என்றால், அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் அந்த நாளிதழின் தலையங்கம் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பிரிட்டனில் அமைச்சர், செய்தியின் துல்லியம், கருத்தின் சுதந்திரம், போதுமான பன்மை ஆகிய காரணங்களுக்காகப் பத்திரிகை இணைப்பில் தலையிடலாம், தலையிடாமலும் இருக்கலாம். 1981-இல் டைம்ஸ் நாளிதழ் ரூபர்ட் மர்டாக்கிடம் போனபோது அமைச்சர் அதை விசாரணைக்கு அனுப்பவில்லை. அமெரிக்கா ஒரே ஊரில் நாளிதழும் ஒளிபரப்பு நிலையமும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று 1975-இல் விதித்து, 2017-இல் கைவிட்டது. கனடாவில் 1980 ஆகஸ்ட் 27 அன்று இரு பெரும் குழுமங்களும் ஒரே நாளில் ஆளுக்கொரு நாளிதழை மூடின: ஆட்டவாவில் ஒன்று, வின்னிபெக்கில் ஒன்று. ஒவ்வொரு நகரமும் மற்றவருக்குத் தனிக்காடானது. அதைத் தொடர்ந்து ஓர் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் முக்கியப் பரிந்துரைகள் சட்டமாகவில்லை. நம் ஊர்க் கதைதான்.

## டிராய் சொல்லிவிட்டுக் காத்திருப்பது

நம்மிடம் தீட்டி முடித்த ஒரு வரைவு இருக்கிறது. டிராய் 2014 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட பரிந்துரைகளில், மாநிலமும் மொழியும் சேர்ந்தது ஒரு சந்தை என்று கொண்டு, நாளிதழ், தொலைக்காட்சி ஆகிய இரண்டிலும் ஒருவரே மிகுந்த செறிவுக்குக் காரணமாக இருப்பதை மேலே சொன்ன குறியீட்டின் வழியாகத் தடுக்கலாம் என்றது. பிடி என்பது பங்கால் மட்டும் வருவதில்லை, பெருங்கடனாலும் வரும் என்பதைக் கணக்கில் எடுத்தது. என்டிடிவி கைமாற எட்டு ஆண்டுகள் இருந்த காலம் அது. அரசியல் கட்சிகளும் மத அமைப்புகளும் அரசுகளும் ஒளிபரப்பில் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. 2022-இல் அதே பொருளில் இன்னொரு கலந்தாய்வு அறிக்கையையும் வெளியிட்டது. இன்றுவரை சட்டம் வரவில்லை. கட்சிச் சார்பு இல்லாத அலைவரிசையைத் தேடிப் பிடிக்க வேண்டிய தமிழ்நாட்டில், அந்த மத்தியப் பரிந்துரையை எந்தக் கட்சி ஆவலோடு வரவேற்கும் என்பதும் யோசிக்கத்தக்கதே.

என் கருத்து, வரம்புக்கு முன் வெளிச்சம் வர வேண்டும் என்பது. எத்தனை விழுக்காடு கூடும், கூடாது என்ற சண்டை அரசமைப்பு வழக்காக நீளும். உரிமையாளர் யார், அவருக்கு வேறு என்னென்ன தொழில்கள், யாரிடம் கடன் என்பதை வெளியிடச் சொல்வது எவருடைய பக்கத்தையும் குறைக்காது, விலையையும் ஏற்றாது.

## உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது

வெளிச்சத்துக்கான சில துளைகள் இப்போதே இருக்கின்றன. நாளிதழின் அடியில் வரும் அச்சிடுவோர், வெளியிடுவோர், ஆசிரியர் பெயர்கள் சட்டப்படி கட்டாயமானவை; ஆனால் அங்கே நிற்கும் பெயர் பெரும்பாலும் ஊழியருடையது. 1867-ஆம் ஆண்டின் பழைய பதிவுச் சட்ட விதிகளின்கீழ், ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் படிவம் 4 என்ற கட்டத்தை வெளியிட்டார்கள். மூலதனத்தில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. மார்ச் முதல் வாரத்துப் பழைய இதழ்கள் நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் மனிதர் பெயருக்குப் பதில் இன்னொரு தனியார் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச் 1 முதல் புதிய பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

எச்டி மீடியா, ஜாக்ரன், டிபி கார்ப் போன்று பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால், காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரர் விவரத்தைச் சந்தையின் தளத்தில் பார்க்கலாம். பென்னட் கோல்மன் போலப் பட்டியலிடாத நிறுவனமானால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நூறு ரூபாய் கட்டி ஆண்டறிக்கையைத் திறக்க வேண்டும். அங்கே பங்குதாரர் பட்டியலோடு நின்றுவிடாமல் கணக்கின் பின்னிணைப்பில் நீண்டகாலக் கடன் பற்றிய குறிப்பையும், அடமானமாக எழுதிக் கொடுத்த பங்குகளின் விவரத்தையும் படியுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் தெரிந்ததும், அதே தளத்தில் அதன் ஆண்டறிக்கைக்கு இன்னொரு நூறு ரூபாய்.